பதின்மூன்றா, பதினான்கா: கையில் எடுத்துச் செல்லும் மடிக்கணினிக்கு எந்த அளவு சரி?

மடிக்கணினி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை இஞ்ச்?" என்பதைத்தான். விற்பவரும் 13.3, 14, 15.6 என்று ஒற்றை எண்ணில் விடை சொல்லிவிடுகிறார். அந்த எண் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள தூரத்தைக் குறிக்கிறதே தவிர, கருவி பையில் அடங்குமா, மடியில் நிற்குமா, பத்து விரலாலும் தட்டச்சு செய்ய இடம் தருமா, ஒரு பக்கத்தில் எத்தனை வரிகளை ஒரே பார்வையில் காட்டும் என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட நேரான விடை தருவதில்லை. எழுத்து, மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் ஆகிய வேலைகளுக்காக 10 அங்குலம் முதல் 15.6 அங்குலம் வரை பல அளவுக் கருவிகளில் உழைத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கணினிதான் வைத்துக்கொள்ள முடியும் என்பவருக்கு, 16:10 அல்லது 3:2 விகிதத் திரை (திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) கொண்ட 13 முதல் 14 அங்குலம் வரையிலான கருவியே ஏற்றது. 12 அங்குலத்துக்குக் கீழே இருப்பவை வீட்டிலோ அலுவலகத்திலோ இன்னொரு கணினி வைத்திருப்பவருக்கு மட்டுமே பயன்படும். 15.6 அங்குலக் கருவி நல்லதாக இருக்கலாம். ஆனால் அதை நாள்தோறும் தோளில் சுமப்பதற்கான கருவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விகிதத்தைப் பற்றி முதலில் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 14 அங்குலத் திரை 16:9 விகிதத்தில் இருந்தால் அதன் அகலம் 310 மி.மீ., உயரம் 174 மி.மீ. அளவில் இருக்கும். 13.5 அங்குலத் திரை 3:2 விகிதத்தில் இருந்தால் அகலம் 285 மி.மீ., உயரம் 190 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் முன்னது ஏறத்தாழ 540 சதுர செ.மீ., பின்னது 543 சதுர செ.மீ. அரை அங்குலம் சிறியது என்று விளம்பரத்தில் தெரியும் திரை, உண்மையில் ஒரு நூல் பெரியது. அதைவிட முக்கியம் உயரம். 15.6 அங்குல 16:9 திரையின் உயரமே 194 மி.மீ.தான். அதாவது, 13.5 அங்குல 3:2 திரையில் படிக்கிறவர், பருத்த 15.6 அங்குலக் கருவியில் படிக்கிறவர் காணும் உயரத்தைவிட 4 மி.மீ. மட்டுமே குறைவாகக் காண்கிறார். நாம் படிக்கும் பக்கங்களும் எழுதும் ஆவணங்களும் மேலிருந்து கீழாக நீள்பவை. அகலத்தில் கிடைக்கும் கூடுதல் இடம் பெரும்பாலும் இருபுறமும் வெறுமையாகக் கிடக்கிறது. உயரத்தில் கிடைக்கும் ஒவ்வொரு விரற்கடையும் ஒரு வரியாகவோ இரண்டு வரியாகவோ உடனே பயன்படுகிறது.

16:9 விகிதம் மடிக்கணினிக்குள் வந்தது எழுதுகிறவர்களையோ கணக்குப் பார்க்கிறவர்களையோ மனத்தில் வைத்து அன்று. தொலைக்காட்சித் திரைகளின் விகிதம் அது. படம் பார்க்க அழகாக இருக்கும். சுமார் பத்தாண்டுக் காலம் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் அதையே பின்பற்றின. 2020ஆம் ஆண்டை ஒட்டி 16:10 மீண்டும் பரவலானது. டெல் எக்ஸ்பிஎஸ் 13 அந்த ஆண்டில் 13.4 அங்குல 16:10 திரைக்கு மாறியது, லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 2021இல் மாறியது. ஆப்பிள் தன் 13 அங்குலக் கருவிகளில் 16:10 விகிதத்தை விடாமலே வைத்திருந்தது. 1920×1080க்குப் பதிலாக 1920×1200 என்றால் 120 பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளி) வரிசைகள் கூடுகின்றன. எண்ணில் சிறிதாகத் தெரியும் இந்த 11 விழுக்காடு, சொல் செயலியின் மேற்பட்டையும் உலாவியின் முகவரிப் பட்டையும் பிடித்துக்கொண்டது போக எஞ்சும் இடத்தில் கணிசமான பங்காகிறது. எனவே இன்று புதிதாக வாங்குகிறவர், அதுவும் சிறிய கருவி வாங்குகிறவர், 16:9 திரையை ஏற்க வேண்டிய தேவை ஏதும் இல்லை என்பது என் கருத்து. பெரிய திரையில் அந்த விகிதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். சிறிய திரையில் அது கழுத்தைப் பிடிக்கிறது.

எவ்வளவு சிறிதாகப் போகலாம் என்பதை இந்தத் துறை ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. 2007இல் ஏசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற 7 அங்குலக் கருவியைக் கொண்டுவந்தது. எடை ஏறத்தாழ 920 கிராம், திரை 800×480. நெட்புக் என்ற ஒரு முழு வகையே அதன் பின்னால் கிளம்பியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவை 8.9 அங்குலத்துக்கும் பிறகு 10 அங்குலத்துக்கும் வளர்ந்தன. பயன்படுத்தியவர்கள் கேட்ட இடம் அது. 10 அங்குல நெட்புக்கின் 1024×600 திரையில் சில உரையாடல் பெட்டிகளின் "சரி" பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும்; எண்டர் விசையைக் குத்துமதிப்பாக அழுத்தித்தான் வெளியே வர வேண்டும். அந்த வகைக் கருவிகளில் கட்டுரை எழுதிய காலத்தில், நான் எழுதிக்கொண்டிருக்கும் பத்திக்கு முந்தைய பத்தி எப்படி முடிந்தது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் மேலே உருட்ட வேண்டியிருந்தது. செயலியின் (பிராசசர்) வேகம் குறைவு என்று பலரும் நெட்புக்கைக் குறை சொல்வார்கள். எழுதுகிறவனை உண்மையில் களைப்படையச் செய்தது அந்த 600 வரிசைத் திரைதான்.

2010இல் வந்த 11.6 அங்குல மேக்புக் ஏர் வேறு வழியில் சிறுத்தது. எடை 1.06 கிலோ, திரை 1366×768, ஆனால் உடலின் அகலம் 30 செ.மீ. திரையைச் சுற்றித் தடித்த விளிம்பு விட்டு, கீழே முழு அளவு விசைப்பலகையை வைத்தார்கள். 2016 வரை விற்பனையில் இருந்த அந்தக் கருவியை இன்றும் அன்போடு நினைவுகூர்கிறவர்கள் இருப்பதற்குக் காரணம் அந்த விசைப்பலகை என்றே நம்புகிறேன். இப்போது விளிம்புகள் மெலிந்துவிட்டதால் அதே 30 செ.மீ. உடலில் 13.4 அங்குலத் திரை உட்கார்ந்துகொள்கிறது: எக்ஸ்பிஎஸ் 13இன் 2020 வடிவம் 296 மி.மீ. அகலமும் 199 மி.மீ. ஆழமும் கொண்டது. பழைய 11 அங்குலத்தின் இடத்தில் இன்றைய 13 அங்குலம் வந்துவிட்டது என்பதை உணர்ந்தால், 11 அங்குலம் தேடி அலைய வேண்டியதில்லை.

இனி விசைப்பலகை. சிறிய கருவியின் அளவை உண்மையில் முடிவு செய்வது இதுதான். மேசைக் கணினி விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து பக்கத்து விசையின் நடுவுக்கு 19 மி.மீ. இடைவெளி இருக்கும், மனிதக் கைக்கு இந்த அளவு பழகிப்போயிருக்கிறது. எண் வரிசையில் இடக்கோடியிலிருந்து பேக்ஸ்பேஸ் முடிய பதினான்கரை அல்லது பதினைந்து விசைகளின் அகலம் தேவை என்பதால், எழுத்துப் பகுதி மட்டுமே 275 முதல் 285 மி.மீ. வரை எடுத்துக்கொள்ளும். ஆகவே உடலின் அகலம் 28 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் எங்கோ ஒரு விசை நசுங்கியே தீரும். இதற்கு விலக்கே கிடையாது. நசுங்குவது எது என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு.

பெரும்பாலும் நசுக்கப்படுவது வலப்பக்கம். எழுத்து விசைகளை முழு அளவில் வைத்துவிட்டு, அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகிய விசைகளை ஒடுக்கி விடுவார்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு அது சிறு இடைஞ்சல். ஒவ்வொரு விசைக்கும் ஒரு தமிழ் எழுத்தை ஒதுக்கும் தமிழ்99 முறையில் எழுதுகிறவருக்கு அப்படியில்லை. அடைப்புக்குறி விசையில் 'ச' இருக்கிறது, அரைப்புள்ளியில் 'ந', மேற்கோளில் 'ய', சாய்கோட்டில் 'ழ'. ஓர் ஆங்கிலப் பயனர் நாளில் சில முறை மட்டும் தொடும் விசைகள், தமிழ்த் தட்டச்சாளரின் வலச் சுண்டுவிரல் வரிக்கு வரி தேடிப்போகும் விசைகள். அவற்றின் அகலம் மூன்றில் இரண்டாகக் குறைந்த ஒரு கருவியில் 'செய்ய' என்று அடித்துப் பாருங்கள். ச-வுக்கு நீட்டிய விரல் பக்கத்து விசையில் விழுந்து ஞ-வை அடித்துவிடும். இணைய மதிப்புரைகளில் "விசைப்பலகை வசதியாக இருக்கிறது" என்று படித்துவிட்டு வாங்கும் தமிழ் எழுத்தாளர் இந்த நான்கு விசைகளைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்கிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

வலப்பக்க ஷிஃப்ட் விசைக்கும் இதே கதி நேர்வதுண்டு. சில குட்டிக் கருவிகளில் அதைச் சுருக்கி, மேல் அம்புக்குறி விசைக்கு வலப்புறம் தள்ளியிருப்பார்கள். பழக்கத்தில் ஷிஃப்ட் என்று நினைத்து அழுத்தினால் அம்புக்குறி அமுங்கி, சுட்டி முந்தைய வரிக்குத் தாவிவிடும். அடுத்து அடிக்கும் நாலைந்து எழுத்துகள் அந்த வரியின் நடுவில் போய்ச் செருகிக்கொள்ளும். மெய்ப்புப் பார்க்கும்போது இப்படிச் செருகிய எழுத்துகளைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

கடைக்கு ஓர் அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். க்யூ (Q) விசையின் இடது விளிம்பிலிருந்து அதே வரிசையின் பி (P) விசையின் இடது விளிம்பு வரை அளந்தால் 171 மி.மீ. வர வேண்டும், அது முழு அளவு. 165 மி.மீ. வரை இருந்தால் இரண்டொரு வாரத்தில் கை பழகிவிடும். 160க்குக் கீழே போனால், நீண்ட நேரம் எழுதுகிறவர் வாங்க வேண்டாம். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதும் குறிப்பெடுப்பதும் மட்டுமே வேலை என்றால் அது வேறு. விசை எவ்வளவு ஆழம் அமுங்குகிறது என்ற பயணத் தூரமும் பார்க்க வேண்டியதே. 2015இல் வந்த 12 அங்குல மேக்புக் 920 கிராம் எடையில், 28 செ.மீ. அகலத்தில் முழு இடைவெளி கொண்ட விசைப்பலகையைக் கொடுத்தது. அளவைப் பொறுத்தவரை அது அரிய சாதனை. ஆனால் உடலை மெலியவைப்பதற்காகப் புதிதாக வடிவமைத்த அதன் விசைகள் மிகக் குறைந்த ஆழமே அமுங்கின. அந்த வகை விசைப்பலகைகளுக்கு ஆப்பிளே 2018இல் இலவசப் பழுதுநீக்கும் திட்டத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. 2019இல் அந்தக் கருவி நின்றுபோனது. நீள அகலத்தில் வென்ற கருவி தடிமனில் தோற்றது என்று அதைச் சொல்லலாம். அதனால்தான், 1.1 செ.மீ. தடிமன் என்று பெருமையடிக்கும் கருவியைவிட 1.5 செ.மீ. கருவியையே நான் விரும்புகிறேன்.

திரையின் கூர்மையும் அளவோடு பின்னிக் கிடப்பது. 13 அங்குலத்தில் 1920×1200 பிக்சல்களை அப்படியே பயன்படுத்தினால் எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரியும். எல்லோரும் 125 அல்லது 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கித்தான் வைக்கிறோம். 150 விழுக்காட்டில் அந்தத் திரை 1280×800 திரையின் இடத்தையே தருகிறது. ஃபிரேம்வொர்க் லேப்டாப் 13இன் 2256×1504 திரையை அதே 150 விழுக்காட்டில் வைத்தால் 1504×1003 கிடைக்கிறது. இரண்டும் "13 அங்குலம்" என்றே விற்கப்படுகின்றன; ஆனால் இரண்டாவதில் ஒரு பத்தி கூடுதலாகத் தெரியும். தமிழ் எழுத்துக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. மேலே புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் வருவதால், ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவில் தமிழைப் படித்தால் 'ணு'வும் 'ணூ'வும், 'கி'யும் 'கீ'யும் கண்ணில் குழம்பும். ஆகவே நாம் எழுத்தை ஒரு படி பெரிதாகவும் வரி இடைவெளியை ஒரு படி அதிகமாகவும் வைக்கிறோம், அதன் விளைவாக அதே திரையில் குறைந்த வரிகளே தெரிகின்றன. 11.6 அங்குல 1366×768 திரை தமிழுக்கு இரண்டு வகையிலும் போதாது: பிக்சல்களும் குறைவு, உயரமும் குறைவு. பள்ளி மாணவர்களுக்கான குரோம்புக்குகளில் இந்தத் திரை இன்னும் வருகிறது. பாடம் படிக்கும் பிள்ளையின் கண்ணை எண்ணினால், எடையில் கால் கிலோ கூடினாலும் பரவாயில்லை என்று அடுத்த அளவுக்குப் போவதே நல்லது.

எடையைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம், திரை வளர வளர எடையும் வளரும் என்பது. முன்பு அது உண்மை. இன்று 14 அங்குல எக்ஸ்1 கார்பன் 1.1 கிலோவை ஒட்டி இருக்கிறது, 13.6 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோ, 13.5 அங்குல ஃபிரேம்வொர்க் 1.3 கிலோ, 17 அங்குல எல்ஜி கிராம் 1.35 கிலோ. பதினேழு அங்குலத்துக்கும் பதின்மூன்றரை அங்குலத்துக்கும் இடையே 50 கிராம் மட்டுமே வேறுபாடு! எடையை முடிவு செய்வது உடல் எந்தப் பொருளால் ஆனது, பேட்டரி எவ்வளவு பெரியது என்பவைதான். எனவே எடைக்காகச் சிறிய திரையைத் தேர்ந்தெடுப்பது இன்று தேவையற்ற தியாகம். சிறிய திரையைத் தேர்ந்தெடுக்க நேர்மையான காரணம் ஒன்றே: அது பிடிக்கும் இடம். 17 அங்குலக் கருவி 1.35 கிலோதான் என்றாலும் 38 செ.மீ. அகலம் கொண்டது, சாதாரணத் தோள்பையில் நுழையாது, விமானத்தின் உணவுத் தட்டில் வைத்தால் முழங்கைக்கு இடமிருக்காது. முன் இருக்கைக்காரர் சாய்ந்துவிட்டால் உயரமான திரையைப் போதிய கோணத்தில் திறக்கவும் முடியாது.

இடத்தை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏ4 தாள் 297×210 மி.மீ. இன்றைய 13 அங்குலக் கருவிகள் கிட்டத்தட்ட அதே பரப்புடையவை. 14 அங்குலக் கருவி ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரு செ.மீ. கூடும், 2021இன் எக்ஸ்1 கார்பன் 315×222 மி.மீ. நீங்கள் நாள்தோறும் எடுத்துச் செல்லும் பையில் ஓர் ஏ4 அட்டையைக் கிடைமட்டமாக வைத்துப் பாருங்கள். மடங்காமல் உள்ளே போய், ஓரத்தில் ஒரு விரல் நுழைய இடமிருந்தால் 14 அங்குலமும் போகும். அட்டையே முட்டிக்கொண்டு நின்றால் 13 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உறை போட்டு வைப்பவர் உறையின் தடிமனையும் சேர்த்துக்கொள்ளட்டும். பழைய வகைச் சார்ஜரும் அதன் கம்பியும் சேர்ந்து 300 கிராமுக்கு மேல் இருக்கும். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் கருவியென்றால் அதில் பாதி எடைகூட இல்லாத சார்ஜர் கிடைக்கும், அதையே கைபேசிக்கும் பயன்படுத்தலாம். 100 கிராம் குறைவான கணினிக்காக அதிகப் பணம் கொடுத்துவிட்டு, கனத்த சார்ஜரைச் சுமப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பேட்டரிக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பை ஆப்பிளின் இரண்டு தலைமுறைக் கருவிகளை வைத்து நன்றாகப் புரிந்துகொள்ளலாம். 2013இன் மேக்புக் ஏர் வரிசையில் 11 அங்குலத்துக்கு 38 வாட்-மணி (பேட்டரி கொள்ளளவின் அலகு) பேட்டரியும் 13 அங்குலத்துக்கு 54 வாட்-மணி பேட்டரியும் இருந்தன. நிறுவனம் சொன்ன உழைப்பு நேரம் முறையே 9 மணி, 12 மணி. செயலி ஒன்றே, மென்பொருள் ஒன்றே. உடல் சிறுத்ததால் மட்டும் மூன்று மணி நேரம் போயிற்று. பத்தாண்டு கழித்து எம்2 செயலி கொண்ட மேக்புக் ஏரைப் பாருங்கள். 13.6 அங்குலத்தில் 52.6 வாட்-மணி, 15.3 அங்குலத்தில் 66.5 வாட்-மணி, ஆனால் இரண்டுக்கும் நிறுவனம் சொல்வது ஒரே 18 மணி நேரம்தான். பெரிய பேட்டரி தந்த கூடுதல் மின்சாரத்தைப் பெரிய திரை விழுங்கிவிட்டது. 13 அங்குலத்திலிருந்து கீழே இறங்கினால் பேட்டரியில் இழப்பு, மேலே ஏறினால் ஆதாயம் இல்லை. இந்த அளவு வகை இத்தனை ஆண்டுகள் நிலைத்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று எண்ணுகிறேன். (நடைமுறையில் விளம்பர நேரத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.)

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிறிய உடலில் வெப்பம் வெளியேற வழி குறைவு. ஆகவே ஒரே செயலி 13 அங்குலத்தில் கொஞ்சம் மெதுவாகவும் 15 அங்குலத்தில் கொஞ்சம் வேகமாகவும் ஓடுவது இயல்பு. காணொளி தொகுப்பவருக்கும் பெரிய நிரல்களை நாள் முழுதும் தொகுப்பவருக்கும் இது உறைக்கும். எழுத்து வேலைக்கும் இணைய வேலைக்கும் அது பொருட்டே இல்லை. விசிறியே இல்லாத கருவியின் அமைதி, அந்த வேலைக்குப் பெரிய நன்மை.

இணைப்புத் துளைகளில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 12 அங்குல மேக்புக்கில் இருந்தது ஒரே ஒரு யுஎஸ்பி-சி. சார்ஜ் போட்டுக்கொண்டே ஒரு பென் டிரைவைச் செருக வேண்டுமென்றால் தனியாக ஓர் இணைப்பான் வேண்டும். அப்படிப்பட்ட இணைப்பான்களை நாளும் சுமந்து திரிவதாக இருந்தால், சிறிய கருவி வாங்கியதன் பயனே போய்விடும். குறைந்தது இரண்டு யுஎஸ்பி-சி, முடிந்தால் இரண்டும் இரு வேறு பக்கங்களில், கூடவே ஒரு பழைய வகை யுஎஸ்பி என்பது என் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. ஃபிரேம்வொர்க் கருவியில் நான்கு இடங்களிலும் வேண்டிய துளையை நாமே மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம் என்பது இந்த அளவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத வசதி.

இனி ஒவ்வோர் அளவும் யாருக்கு என்று சொல்லலாம். 7 முதல் 9 அங்குலம் வரையிலான கருவிகள் இன்றும் வருகின்றன. ஜிபிடி நிறுவனத்தின் பாக்கெட் போன்றவை. சர்வர் அறையில் நின்றபடியே இணைத்துச் சரிபார்க்கும் பணியாளருக்கு அவை அருமையான கருவிகள். அமர்ந்து எழுதுவதற்கானவை அல்ல. 10 அங்குலத்தில் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கோ போன்ற, விசைப்பலகையைப் பிரித்தெடுக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. 2018இல் வந்த முதல் வடிவம் விசைப்பலகை இல்லாமல் 522 கிராம். மேசைமேல் நன்றாகவே நிற்கும். மடியில் வைக்கும்போதுதான் தொல்லை தொடங்கும். பின்னால் நீட்டிய தாங்குகாலுக்கும் சேர்த்து இடம் வேண்டியிருப்பதால், திறந்து வைத்த 10 அங்குலக் கருவி 13 அங்குல மடிக்கணினியைவிட அதிக ஆழம் கேட்கிறது. படிக்கவும் பேனாவால் குறிக்கவும் அதை வாங்கலாம். தட்டச்சுதான் முதன்மை வேலை என்றால் வேண்டாம்.

12 அங்குலத்தில் எனக்கு இரு மனம். சர்ஃபேஸ் லேப்டாப் கோவின் 12.4 அங்குல 3:2 திரை 1.11 கிலோ எடையில் எழுதுவதற்கு இதமான விகிதத்தைக் கொடுக்கிறது. உடல் 278 மி.மீ. அகலம், அதாவது விசைப்பலகைக்குத் தேவையான எல்லையை ஒட்டி நிற்கிறது. அதன் 1536×1024 திரை போதுமான கூர்மை இல்லாதது, விசைகளுக்குப் பின்னொளியும் கிடையாது. பாதி இருட்டில் எழுதும் பழக்கமுள்ளவருக்கு அந்தக் குறை ஒவ்வோர் இரவும் தெரியும். வீட்டு மேசையில் பெரிய திரை ஒன்று காத்திருக்கிறது, வெளியே எடுத்துச் செல்ல மட்டும் ஒரு கருவி வேண்டும் என்பவருக்கு இந்த அளவு பொருந்தும்.

13க்கும் 14க்கும் இடையில் முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள்தான் அதிகம். அவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: இரண்டு சாளரங்களை அருகருகே வைத்து வேலை செய்வீர்களா? மொழிபெயர்ப்பாளரும் மெய்ப்புப் பார்ப்பவரும் விரிதாளைப் பார்த்துக்கொண்டே அறிக்கை எழுதுபவரும் ஆம் என்பார்கள். 13.4 அங்குல 16:10 திரையைச் சரிபாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதிக்கும் 144 மி.மீ. கிடைக்கும், 14 அங்குல 16:10 திரையில் 151 மி.மீ. ஏழு மி.மீ. என்பது கேட்கச் சிறிது. ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'எடுத்துக்கொண்டிருக்கும்போது' போன்ற ஒரு சொல் குறுகிய பாதித் திரையில் வரியின் கடைசியில் இடமில்லாமல் கீழே இறங்கிவிடும், மேல் வரியில் கால் பங்கு வெறுமையாகக் கிடக்கும். அந்த ஏழு மி.மீ.யில் பத்திக்கு ஒரு வரியாவது மிச்சப்படுவதைக் காணலாம். எனவே இரட்டைச் சாளர வேலை செய்பவர், எடை 1.2 கிலோவைத் தாண்டாத 14 அங்குலக் கருவியை எடுக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஆவணத்தில் மூழ்கி எழுதுகிறவருக்கு 13.5 அங்குல 3:2 திரையே மேல். எழுதும் பக்கத்துக்கு அது தரும் உயரம் 14 அங்குல 16:10 திரையின் 188 மி.மீ.யைவிடக்கூடச் சற்று அதிகம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இந்த அளவுக் கருவிகள் பலவற்றில் நினைவகத்தை மூலப்பலகையோடு சேர்த்தே பற்றவைத்திருக்கிறார்கள்; வாங்கிய பிறகு கூட்ட முடியாது. சேமிப்பகத்தைச் சிலவற்றில் மாற்றலாம், ஆனால் மிகச் சிறிய உடல்களில் வழக்கமான 80 மி.மீ. நீள எஸ்எஸ்டிக்கு இடமில்லாமல் 30 மி.மீ. நீளக் குட்டை வகையைப் பொருத்தியிருப்பார்கள். அதற்கான மாற்று எளிதில் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நினைவகம் 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். கையிருப்புப் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஒரு படி குறைந்த செயலியை ஏற்று அந்தத் தொகையை நினைவகத்தில் போடுங்கள். கடையில் கருவியைத் திறந்தவுடன் ஓர் ஆவணத்தில் நாலு வரி தமிழில் அடித்து, ச, ந, ய, ழ நான்கும் விரலுக்கு எட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு விலையைப் பேசலாம்.